சமயமா, கட்சிப் போட்டியா: சிறுபான்மையினர் மீதான நம் பார்வையை எது தீர்மானிக்கிறது?

பொங்கோல் குமரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2025 மே 3ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்த பொதுத்தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, மலேசியாவின் இஸ்லாமியக் கட்சியான பாஸைச் சேர்ந்தவர்கள் உட்பட வெளிநாட்டவர் சிலரின் ஃபேஸ்புக் பதிவுகளை முடக்குமாறு அதிகாரிகள் உத்தரவிட்டது பலருக்கும் நினைவிருக்கும். மறுநாள் பிரதமர் லாரன்ஸ் வோங் செய்தியாளர்களைச் சந்தித்து, இனத்தையும் சமயத்தையும் அரசியலுடன் கலக்கக்கூடாது என்று வலியுறுத்தினார். நான் கேட்க வந்தது அந்தச் சம்பவத்தைப் பற்றியன்று. அது எங்கள் கோயில் தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில் கிளப்பிய பேச்சைப் பற்றி. அன்னதானத்துக்குக் காய் நறுக்க யார் வருகிறார்கள் என்று கேட்பதற்காகத் தொடங்கப்பட்ட குழு அது.

அதில் இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள். இருவரும் ஒரே அடுக்குமாடி புளோக்கில் குடியிருப்பவர்கள், தைப்பூசத்துக்குத் தவறாமல் காவடி எடுப்பவர்கள். ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியை ஆதரிப்பவர், முஸ்லிம்கள் கூட்டாக வாக்களிக்கத் தொடங்கினால் நம்மைப் போன்ற சிறிய சமூகத்துக்கு என்ன மிஞ்சும் என்று நீண்ட குரல்பதிவு ஒன்றை அனுப்பினார். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியை ஆதரிப்பவரோ இது வெறும் தேர்தல் பூச்சாண்டி என்றும், பக்கத்து வீட்டு மலாய்க்காரரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்றும் பதில் போட்டார்.

எனக்குக் குழப்பம் தந்தது அந்தச் சச்சரவன்று. இந்தியாவுடனான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு, நாம் எல்லாரும் ‘சீக்கா’ என்று சொல்வது, 2021இல் நாடாளுமன்றத்தில் சூடாக விவாதிக்கப்பட்டபோது இதே இருவரும் இடம் மாறி நின்றார்கள். அப்போது முதலாமவர், எதிர்த்தரப்பு இந்தியர் மீது வெறுப்பைத் தூண்டுகிறது என்று கொதித்தார். இரண்டாமவர், இது வேலைவாய்ப்பைப் பற்றிய கேள்வி, இதற்குள் இனத்தை இழுக்காதீர்கள் என்றார். கும்பிடும் சாமி ஒன்று, வாழும் புளோக் ஒன்று. எந்தச் சிறுபான்மையினருக்கு நேரும் தீங்கு கண்ணில் படுகிறது என்பது மட்டும் கட்சிக்கு ஏற்ப மாறுகிறது. அப்படியானால் சமயத்துக்கு இதில் பங்கே இல்லையா? வரலாறும் ஆய்வும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வடலியூரான்

தம்பி குமரன், என் தாத்தா மலாயா ரயில்வேயில் எழுத்தர் வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறியவர் என்பதால், இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என் மனம் இலங்கைக்குத்தான் போகும். அங்கே நடந்ததைப் பௌத்தத்துக்கும் தமிழருக்கும் இடையிலான பகையாகவே பலர் சொல்லிப் பழகிவிட்டார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரியும்.

1954இல் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம உரிமை தருவதாக வாக்களித்தார். தெற்கில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. எதிரணியின் பண்டாரநாயக்கா சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற முழக்கத்தைக் கையில் எடுத்தார். உடனே கொத்தலாவலவின் ஐக்கிய தேசியக் கட்சி 1956 பிப்ரவரியில் களனியில் கூடித் தன் நிலைப்பாட்டைத் தலைகீழாக மாற்றிக்கொண்டு, தானும் சிங்களம் மட்டும் என்றது. வாக்குகள் அப்படியும் கிடைக்கவில்லை. அந்த ஏப்ரலில் நடந்த தேர்தலில் 8 இடங்களோடு நின்றது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2500ஆம் ஆண்டு நிறைவை நாடு கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. பிக்குகள் முன்னணி ஒன்று வீடு வீடாகச் சென்று பண்டாரநாயக்காவுக்காக வாக்குக் கேட்டது. சமய உணர்வு அங்கே உண்மையாகவே இருந்தது. அதை மறுப்பவன் நான் அல்லன்.

ஆனால் அடுத்த ஆண்டைப் பாருங்கள். 1957 ஜூலை 26ஆம் தேதி, பிரதமராகிவிட்ட அதே பண்டாரநாயக்கா, தமிழர் தலைவர் தந்தை செல்வாவுடன் (செல்வநாயகம்) அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்துகொண்டார். அதை எதிர்த்து அக்டோபரில் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பியவர் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா. இம்புல்கொடையில் அந்தப் பயணம் மறிக்கப்பட்டது என்றாலும் அவர் எண்ணியது பலித்தது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதத்தில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒப்பந்தம் செய்தவர், அதை எதிர்த்து நடந்தவர் ஆகிய இருவருமே கிறிஸ்துவ ஆங்கிலிக்கன் குடும்பங்களில் வளர்ந்து பின்னர் பௌத்தத்துக்கு மாறியவர்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1965 மார்ச்சில் இந்தக் காட்சி அப்படியே திரும்பியது, பாத்திரங்கள் மட்டும் இடம் மாறின. இம்முறை செல்வநாயகத்துடன் உடன்பாடு கண்டவர் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கா. தெருவில் இறங்கி எதிர்த்தது, எட்டு ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய அதே அதிகாரப் பகிர்வை எழுதிக் கையெழுத்திட்ட பண்டாரநாயக்காவின் கட்சி. 1966 ஜனவரியில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் போலிஸ் சுட்டு ஒரு பிக்கு இறந்தார். இன்னொன்று எனக்கு இன்றும் ஆறாதது: 1956இல் தமிழருக்காக நாடாளுமன்றத்தில் உரத்துக் குரல் கொடுத்த மார்க்சியக் கட்சியான சமசமாஜக் கட்சியும் கூட்டணியின் பொருட்டு அந்த எதிர்ப்பில் சேர்ந்துகொண்டது. அதே கட்சியின் கொல்வின் ஆர். டி. சில்வா அமைச்சராக இருந்து வரைந்த 1972 அரசமைப்பில்தான் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரப்பட்டது. மார்க்சியர்கள் ஒரே இரவில் பக்திமான்கள் ஆகிவிடவில்லை; கூட்டணிக் கணக்கு அப்படி.

ஆகவே என் கருத்து இது. பெரும்பான்மையினரின் வாக்கை மட்டுமே நம்பி இரண்டு கட்சிகள் மோதும் இடத்தில், ஆட்சியில் இருப்பது எதுவானாலும் அது சமரசம் தேடும், எதிரே இருப்பது அதைத் துரோகம் என்று சொல்லும். அப்படிச் சொல்வதற்கான மொழியைச் சமயம் கொடுக்கிறது. அந்த மொழி எந்த வாரத்தில், யார் மீது பாய வேண்டும் என்பதைக் கட்சியின் தேவை முடிவுசெய்கிறது.


தேக்கா மூலை

வடலியூரான் ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் கொழும்புவரை போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன்; நம் கேலாங்கிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

1964 ஜூலை 21ஆம் தேதிக் கலவரத்தைப் பள்ளியில் இனக் கலவரம் என்று படித்தோம். அதன் நினைவாகவே பிள்ளைகள் 1997 முதல் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகிறார்கள். நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங்கிலிருந்து கிளம்பிக் கேலாங் நோக்கிப் போகையில் கைகலப்பு தொடங்கியது, 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள், செப்டம்பரில் மீண்டும் வெடித்தபோது மேலும் 13 பேர் மாண்டார்கள் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. ஆனால் அந்த ஊர்வலம் அதற்கு முன்னும் நடந்துவந்ததுதானே? அந்த ஆண்டில் மட்டும் என்ன புதிது என்று கேட்டால் கட்சிகளிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர் மலேசியாவின் பகுதியாக இருந்த காலம் அது. 1963 செப்டம்பர் தேர்தலில் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவின் சிங்கப்பூர்க் கிளை, மலாய்க்காரர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த தொகுதிகளைக்கூட மக்கள் செயல் கட்சியிடம் பறிகொடுத்தது. அடுத்த ஏப்ரலில் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் நடந்த மலேசியத் தேர்தலில் இறங்கியது. கிடைத்தது ஒரே ஓர் இடம். பங்சாரில் தேவன் நாயர் வென்றார். இடம் ஒன்றுதான் என்றாலும், தன் வீட்டுக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டான் என்று அம்னோ எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அம்னோவின் சையது ஜாஃபர் அல்பாரும் உத்துசான் மெலாயு நாளேடும் சிங்கப்பூரில் மலாய்க்காரர்கள் நசுக்கப்படுகிறார்கள் என்று வாரக்கணக்கில் பேசினார்கள், எழுதினார்கள். ஊர்வலத்துக்கு வந்தவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். ஊர்வலம் சமயத்தினுடையது, சினம் தேர்தலினுடையது.

இங்கே பிற்காலத்தில் கொண்டுவரப்பட்ட விதிகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் குழுத்தொகுதி முறை 1988இல் வந்தது; அதன்படி ஒவ்வோர் அணியிலும் ஒரு சிறுபான்மை வேட்பாளராவது இருந்தாக வேண்டும். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச வரம்பு வைத்தது. இப்போது ஒரு புளோக்கில் மலாய்க்காரர்களுக்கு 25 விழுக்காடு, இந்தியருக்கும் பிறருக்கும் சேர்த்து 15 விழுக்காடு. இதன் விளைவாக, குழுத்தொகுதியில் ஒரே சமூகத்தவரை மட்டும் கொண்ட அணியை நிறுத்த முடியாது; ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு வெல்லக்கூடிய தொகுதியும் இங்கே இல்லை. இலங்கையில் நடந்த ஏலப்போட்டிக்கு இங்கே இடம் குறைவு என்பதற்கு மக்களின் நல்ல மனத்தைவிட இந்தக் கணக்கு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அதற்கு விலையும் உண்டு. சீனர்களின் வரம்பு எட்டிய புளோக்கில் வீட்டை விற்க முயன்ற இந்தியக் குடும்பத்தினரைக் கேட்டால் சொல்வார்கள். வாங்குபவர் சீனராக இருக்க முடியாது என்பதால் விலையை இறக்கித்தான் கைகழுவ வேண்டியிருக்கும். குழுத்தொகுதி பெரிய கட்சிக்கே அரண் என்ற குறையும் பழையதுதான். சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஆன்சன் தனித்தொகுதியில் 1981இல் ஜே. பி. ஜெயரத்தினமும், 2016 இடைத்தேர்தலில் புக்கிட் பாத்தோக்கில் ஆளுங்கட்சியின் முரளி பிள்ளையும் வென்றார்கள் என்பதை எடுத்துக்காட்டி, சிறுபான்மை வேட்பாளருக்கு இப்படியொரு விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முழுப் பதில் வைத்திருக்கவில்லை.


நாகூர் பேரன்

குமரன் அண்ணே, உங்கள் கேள்வியில் முஸ்லிம்கள் ஒரு பக்கம், ‘நம்மைப் போன்ற சிறிய சமூகம்’ இன்னொரு பக்கம் என்று ஒரு கோடு விழுந்திருக்கிறது. அந்த அண்ணன் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியரில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் இந்துக்கள், 23 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். நான் அந்த இரண்டாவது கணக்கில் வருபவன், வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி பேசாதவன். ‘கூட்டாக வாக்களிப்பவர்கள்’ என்று குரல்பதிவில் சொல்லப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

தேர்தலுக்கு முந்தைய அந்த ஏப்ரல் வாரத்தில் வேலையிடத்து உணவங்காடியில் தட்டோடு உட்கார்ந்தபோது, பல ஆண்டுகளாகக் கூடச் சாப்பிடும் நண்பர் ஒருவர், “உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அவர் குரலில் பகை இல்லை. இருந்தாலும், முந்தின வாரம்வரை அவர் என்னிடம் கேட்டதெல்லாம் பந்தயக்கார் போட்டியைப் பற்றித்தான். எங்கள் ஆட்கள் என்று அவர் யாரைச் சொன்னார் என்று எனக்கே விளங்கவில்லை. என் வீட்டில் நானும், நானா என்று நாங்கள் அழைக்கும் என் அண்ணனும்கூட ஒரே கட்சிக்கு வாக்களிப்பதில்லை.

கட்சி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு தூடோங் விவகாரம். சீருடைப் பணிகளில் இருக்கும் முஸ்லிம் பெண்கள் தலையங்கி அணிவதைப் பற்றிப் பாட்டாளிக் கட்சியின் ஃபைசல் மனாப் 2017 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அமைச்சர் மசகோஸ் சுல்கிஃப்லி அவரைக் கடுமையாகச் சாடி, சமூகத்தில் பிளவை உண்டாக்கும் விவகாரங்களை அவர் அடிக்கடி கிளப்புகிறார் என்றார். 2021 நவம்பர் 1ஆம் தேதி முதல் பொதுச் சுகாதாரத் துறைத் தாதியர் தூடோங் அணிய அரசாங்கமே அனுமதித்தது. காலம் கனியும்வரை மூடிய கதவுக்குள் பேசி, மற்றச் சமூகங்களின் மனத்தையும் அறிந்த பிறகே மாற்றம் செய்தோம் என்பது அரசாங்கத்தின் விளக்கம். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில், தூடோங் வேண்டும் என்று சொன்ன ஒரு முஸ்லிம் பெண்ணை ஆளுங்கட்சி ஆதரவாளர் எந்தக் கண்ணோடு பார்த்தார், அனுமதி வந்த பிறகு எந்தக் கண்ணோடு பார்த்தார்? அந்தப் பெண் மாறவில்லை. திருக்குர்ஆனும் மாறவில்லை.


பொங்கோல் குமரன்

நாகூர் பேரன் தம்பி சுட்டியது நியாயம். அந்தக் கோடு குழுவில் யாருடைய கண்ணிலும் படவில்லை. மூவரும் ஏறக்குறைய கட்சியின் பக்கமே தராசைச் சாய்க்கிறீர்கள். சமயம் தன் பலத்திலேயே ஒரு சிறுபான்மைக் குழுவின் மீதான பார்வையைத் தீர்மானித்த நேரம் எதுவும் இல்லையா?


புக்கிட் கோம்பாக் மங்கை

உண்டு. தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு அதற்கு நல்ல சான்று. நான் கருத்துக் கணிப்பு ஆய்வுத் துறையில் இருப்பவள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஆடவர்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய அந்தப் பிரிவை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29ஆம் தேதி 93 பேர் ஆதரிக்க, 3 பேர் எதிர்க்க நிறைவேறியது. மக்கள் செயல் கட்சி கொறடா உத்தரவைத் தளர்த்தவில்லை. அக்கட்சியில் கிறிஸ்துவர், முஸ்லிம், பௌத்தர், இந்து எனப் பலதரப்பட்டோர் இருந்தும் அனைவரும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். பாட்டாளிக் கட்சி கொறடாவைத் தளர்த்தியது. அதன் தலைமைச் செயலாளர் பிரித்தம் சிங் நீக்கத்தை ஆதரிக்க, அவருடைய உறுப்பினர்கள் இருவர் எதிர்த்து வாக்களித்தார்கள். மூன்றாவது வாக்கு ஒரு நியமன உறுப்பினருடையது. கட்சியின் பிடி தளர்ந்த இடத்தில் மட்டுமே தனிமனிதரின் மனச்சாட்சி, பலருக்கு அது சமயத்தில் வேரூன்றியது, வெளியே தெரிந்தது. நாடாளுமன்றத்துக்கு வெளியே தேவாலயங்களும் முஸ்லிம் அமைப்புகளும் கவலை தெரிவித்தன. திருமணத்தின் வரையறையை நீதிமன்றச் சவாலிலிருந்து காக்க அரசமைப்பையும் சேர்த்தே திருத்தியதற்கு அந்தக் கவலையும் ஒரு காரணம்.

சமயப் பற்றுக்கும் காழ்ப்புக்கும் உள்ள உறவைப் பற்றி உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1967இல் சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பழக்கத்துக்காகவும் மதிப்புக்காகவும் போகிறவர்களிடம் பிற இனத்தார் மீதான காழ்ப்பு மிகுதியாகவும், சமயத்தை உள்ளார வாழ்கிறவர்களிடம் குறைவாகவும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஆனால் பின்னால் வந்தவர்கள் ஓரினச்சேர்க்கையாளர் பற்றிக் கேட்டபோது அந்த உள்ளார்ந்த பக்தர்களே கூடுதலாக எதிர்ப்புக் காட்டினார்கள். விளக்கம் எளிது. வேற்று இனத்தாரை வெறுக்கச் சொல்லி எந்தப் போதகரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை; ஆனால் பாலுறவு நெறியைப் பற்றி வேதமே பேசுவதாக அவர்கள் நம்புகிறார்கள். கோட்பாடு நேரடியாகப் பேசும் இடத்தில் சமயத்துக்குத் தனி வலு உண்டு. மலாய்க்காரரையோ இந்தியரையோ புதுக் குடியேறிகளையோ பற்றி எந்தக் கோட்பாடும் பேசாததால் அந்த வெற்றிடத்தைக் கட்சி நிரப்புகிறது.

எவ்வளவு வேகமாக நிரப்புகிறது என்பதற்கு அமெரிக்காவில் அளந்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அங்குள்ள முஸ்லிம்கள் மீது வெறுப்புக் கூடியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பியூ ஆய்வு நிலையம் அந்த நவம்பரில் கேட்டபோது, அமெரிக்க முஸ்லிம்களைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர்கள் மார்ச்சில் இருந்த 45 விழுக்காட்டிலிருந்து 59க்கு உயர்ந்திருந்தார்கள். மிகப் பெரிய ஏற்றம் குடியரசுக் கட்சியின் பழமைவாதிகளிடம்தான்: 35இலிருந்து 64. தாக்குதல் நடந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 17ஆம் தேதி, அவர்களுடைய அதிபர் ஜார்ஜ் புஷ் வாஷிங்டன் பள்ளிவாசலுக்குச் சென்று, முஸ்லிம் அண்டை வீட்டாரை மதியுங்கள் என்று பேசியிருந்தார். 2015 டிசம்பரில் அதே கட்சியின் டோனல்ட் டிரம்ப் முஸ்லிம்களை நாட்டுக்குள் விடவே கூடாது என்றார். கட்சித் தொண்டர்களில் பெரும்பகுதி அதற்கும் கைதட்டியது. தேவாலயங்களில் வாசிக்கப்பட்ட பைபிள் இரண்டு முறையும் ஒன்றேதான்.

தமிழ்நாட்டிலும் இதைப் பார்க்கலாம். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ஆதரித்து நாடாளுமன்றத்தில் வாக்களித்த அதிமுக, 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதைக் கைவிடுமாறு மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. இடையில் அக்கட்சியின் தொண்டர்கள் யாரும் சமயம் மாறவில்லை.

சீக்கா விவகாரத்திலும் குழுவில் நடந்தது இதன் உள்ளூர் வடிவம் என்றே நினைக்கிறேன். உடன்பாடு கையெழுத்தானது 2005இல். அதைப் பற்றிய காரமான பேச்சு, எதிர்க்கட்சியான சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியும் ஆளுங்கட்சியும் 2021இல் அதை வைத்து மோதியபோதுதான் மின்தூக்கிவரை வந்தது. என் புளோக்கில் ஒருவர் என்னைப் பார்த்தே ‘சீக்கா’ என்று முணுமுணுத்தார். நான் பிறந்தது இங்கேயே, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். இன்னும் வேடிக்கை, நம்மவர்களிலேயே சிலர் அந்த மாதங்களில் ‘நாங்கள் அந்த இந்தியர் இல்லை’ என்று சீன நண்பர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் இரு அண்ணன்மாரின் விஷயத்தில் ஒன்று செய்து பார்க்கலாம். அமெரிக்க மாணவர்களிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், அரசாங்க நலத்திட்டம் ஒன்றை இன்ன கட்சி ஆதரிக்கிறது என்று சொன்னவுடன், தம் கொள்கைக்கு நேர்மாறான திட்டத்தையும் அவர்கள் ஆதரித்தார்கள். கட்சியின் பெயரைச் சொல்லாதபோது திட்டத்தைப் படித்துத் தம் கொள்கைப்படி முடிவெடுத்தார்கள். அடுத்த விவாதத்தில் பேசியவர் யார், எந்தக் கட்சி என்பதை மறைத்துவிட்டுக் கருத்தை மட்டும் குழுவில் போட்டுப் பாருங்கள்.


நாகூர் பேரன்

மங்கை அக்கா சொன்னதைப் படித்துவிட்டு நேற்று இரவு எங்கள் நானாவிடம் முயன்றேன். வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கையைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசப்பட்ட கருத்து ஒன்றை, பேசியவர் பெயரையும் கட்சியையும் எடுத்துவிட்டு, பொறுமையாகச் சொல்லி, சரியா தவறா என்று கேட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தேநீரை வைத்தார். “இதைச் சொன்னது யார்? அதைச் சொல்லாமல் சரியா தவறா என்றால் நான் எப்படிப் பதில் சொல்வது?” என்றார்.